இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிய செகண்ட் ஹேண்ட் கார்

டீலரிடம் எடுத்த பெட்ரோல் கார். தினமும் ஓட்டினால் தொல்லையில்லை. இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் 'டக்' என்று சத்தம் போடுவதோடு சரி. டீலர் பேட்டரியை மாற்றித் தந்தார், பலனில்லை. இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட், எனவே பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் குற்றவாளியில்லை.

வண்டி நிற்கும்போது எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று பார்க்க, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்தேன். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவி போடவே கூடாது, அதன் ஃபியூஸ் போய்விடும். முதல் நாள் ரீடிங் தப்பாக வந்ததற்குக் காரணம் திறந்திருந்த கதவு. கதவு லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் காத்திருந்து பார்த்தால் 0.42 ஆம்பியர். 0.05-க்குள் இருக்க வேண்டியது. இப்படிக் கசிந்தால் 48 மணி நேரத்தில் 20 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) போய்விடும். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி எப்படித் தாங்கும்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில், ரேடியோ ஃபியூஸ் வந்ததும் 0.02-க்கு இறங்கியது. வெளியில் மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ. திரை அணைந்திருந்தாலும் அதன் பின்புறம் வெதுவெதுவென்று இருந்தது! இழுத்துப் பார்த்தால், மஞ்சள் வயரையும் சிவப்பு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மஞ்சள், எப்போதும் கரண்ட் இருக்கும் வயர்; சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரவேண்டிய வயர். அதைப் பிரித்து, டெஸ்டர் வைத்து காரின் ஏசிசி வயரை (சாவி போட்டால் மட்டும் கரண்ட் தரும் வயர்) கண்டுபிடித்து, சிவப்பை அதில் சால்டர் செய்து ஸ்லீவ் போட்டேன்.

நான்கு நாள் நிறுத்திவிட்டு எடுத்தேன். ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது, அப்பாடா.