மந்தமாக ஒலிக்கும் வால்வ் ஆம்ப்பில் தெளிவான டோன் பெறுவது எப்படி

ஒரு வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கிதார் ஆம்ப்ளிஃபயர்) மந்தமாக ஒலிக்கிறது என்று சொல்லும்போது, கிதாரின் ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவது போல அடைத்துக் கேட்கிறது என்றும், கார்டு மீட்டினால் ஆறு தந்திகளும் தனித்தனியே பிரியாமல் ஒரே முழக்கமாகத் திரண்டுவிடுகின்றன என்றும் பொருள். அந்த நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது ட்ரெபிள் என்னும் மேல் ஒலிக் குமிழை 10 வரை திருப்புவதுதான். அப்போது பிக் தந்தியில் படும் ஓசை காதைக் குத்தத் தொடங்குகிறதே தவிர, அடியில் கிடக்கும் கலங்கல் அப்படியே இருக்கிறது. மந்தமான ஆம்ப்புகள் பலவற்றில் உண்மையான சிக்கல் ட்ரெபிள் போதாமை அன்று. பேஸ், அதாவது கீழ் ஒலி, மிகுதியாக இருப்பதும், அந்த மிகுதி ஒலி உடைந்து கரகரக்கத் தொடங்கும் (இதுவே டிஸ்டார்ஷன்) இடத்துக்கு முன்பே உள்ளே புகுந்துவிடுவதும்தான். ஆகவே மந்தம் எங்கே நுழைகிறது என்று முதலில் கண்டறிந்து, பிறகு கீழே உள்ளதைக் குறைத்து, கடைசியாகவே மேலே கூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மந்தமான ஆம்ப்பைக் குறையுள்ள ஆம்ப் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இயல்பிலேயே பளிச்சென்று ஒலிக்கும் ஆம்ப்பில் கூர்மையைத் தணிப்பதைவிட, தடித்த உடலுள்ள ஒலிக்குத் தெளிவு ஊட்டுவது எளிது.

குமிழ்களைத் தொடுமுன், நீங்கள் நின்று கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கீழ் அதிர்வெண்களை எல்லாத் திசைகளிலும் பரப்புகிறது; மேல் அதிர்வெண்களையோ ஒரு விளக்கின் கற்றையைப் போல நேர் முன்னால் மட்டுமே செலுத்துகிறது. ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு அதன் அருகிலேயே நின்று வாசிப்பவரின் கணுக்கால்களுக்குத்தான் அந்தக் கற்றை போய்ச் சேர்கிறது. காதுக்கு வருவதோ எஞ்சிய முழக்கம். ஆம்ப்பை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி வையுங்கள், அல்லது ஸ்பீக்கர் முகத்தை நோக்கும்படி பின்னால் சாய்த்து வையுங்கள். மூலையிலோ சுவரை ஒட்டியோ இருந்தால் ஓரிரு அடி முன்னால் இழுத்துவிடுங்கள், ஏனெனில் சுவரும் தரையும் சேரும் இடம் பேஸைப் பெருக்கிக் கொடுக்கிறது. இந்த இரண்டு மாற்றங்களால் மட்டுமே குறை பாதி தீர்ந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒலியளவும் அவ்வாறே முக்கியமானது. குறைந்த ஒலியளவில் மனிதக் காது கீழ் அதிர்வெண்களையும் மிக உயர்ந்த அதிர்வெண்களையும் நடுப்பகுதியைவிட மங்கலாகவே உணர்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். வீட்டில் மெதுவாக வைத்து, உடல் போதவில்லை என்று பேஸைக் கூட்டி அமைத்த டோன், மேடையில் உரக்க வைக்கும்போது குழம்பிப்போவதற்கு இதுவே காரணம். எந்த ஒலியளவில் வாசிக்கப் போகிறீர்களோ அந்த ஒலியளவிலேயே டோனை அமைக்க வேண்டும்.

அடுத்து, ஆம்ப்புக்குள் சமிக்ஞை நுழையும் முன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். துருவும் வியர்வையும் படிந்த பழைய தந்திகளிலிருந்து எந்த ஆம்ப்பாலும் தெளிவை வரவழைக்க முடியாது. தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பின் பேஸ் பக்கத்தைத் தந்தியிலிருந்து சற்றுக் கீழே இறக்கினால், ஆறாம் தந்தியின் முழக்கம் குறைந்து மற்றவை வெளிப்படும். ஒரு திருப்புளியால் முடிந்துவிடும் இந்த வேலைக்குச் செலவே இல்லை. கிதாரின் வால்யூம் குமிழை 7க்கோ 6க்கோ குறைக்கும் பழக்கமுள்ளவர்கள், அப்போது ஒலியளவோடு ட்ரெபிளும் சேர்ந்து இறங்குகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்தக் குமிழில் சமிக்ஞை நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே சுமார் 1000 பைக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பொருத்தினால் இந்த இழப்பு ஈடாகும். அதற்கு இணையாக 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் சேர்த்தால் மாற்றம் இன்னும் சீராக இருக்கும்.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிதார் கேபிள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) கொண்டது. பிக்கப் சுருளின் இண்டக்டன்ஸும் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) இந்தக் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுப் புள்ளியை உண்டாக்குகின்றன. அந்தப் புள்ளியில் ஒலி எழும்பி, அதற்கு மேலே சரிந்துவிடுகிறது. 4 ஹென்றி இண்டக்டன்ஸும் 100 பைக்கோஃபாரட் உட்கெபாசிட்டன்ஸும் உள்ள ஒரு பிக்கப்பை 3 மீட்டர் கேபிளோடு இணைத்தால் அந்தப் புள்ளி சுமார் 4000 ஹெர்ட்ஸில் அமைகிறது. அதே பிக்கப்பை 6 மீட்டர் கேபிளோடு இணைத்தால் சுமார் 3000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. கிதாரின் தெளிவு பெரிதும் குடியிருப்பது இந்த 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் என்பதால், இந்த வேறுபாட்டைக் காது உடனே உணரும். ஒரு முறை என் ஆம்ப்பில் வால்வுகள் தேய்ந்துவிட்டன என்று நம்பி எல்லாவற்றையும் மாற்றினேன்; ஒலி மாறவே இல்லை. கடைசியில் நீண்ட கேபிளைக் கழற்றிவிட்டு 3 மீட்டர் கேபிளைச் செருகியபோதுதான் திரை விலகியது போல ஒலி திறந்தது. நீண்ட கேபிள் தவிர்க்க முடியாதது என்றால், கிதாருக்கு மிக அருகில் பஃபர் (பிக்கப்பைக் கேபிளின் சுமையிலிருந்து பிரித்து வைக்கும் சுற்று) உள்ள பெடல் ஒன்றை வையுங்கள். அதற்குப் பின் வரும் கேபிளின் நீளம் பிக்கப்பைப் பாதிக்காது.

ஆம்ப்பில் இரண்டு உள்ளீடுகள் இருந்தால் எதில் செருகியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். ஃபெண்டர் முறையைப் பின்பற்றும் ஆம்ப்புகளில் முதல் உள்ளீடு பிக்கப்புக்கு 1 மெகா ஓம் சுமையையே காட்டுகிறது. இரண்டாம் உள்ளீடோ 136 கிலோ ஓம் சுமையைக் காட்டி, சமிக்ஞையையும் பாதியாக்கிவிடுகிறது. ஓம் எண் குறைந்தால் சுமை கனக்கும். கனத்த சுமை பிக்கப்பின் ஒத்ததிர்வை அமுக்குவதால், இரண்டாம் உள்ளீட்டில் ஒலி கட்டாயம் மந்தமாகவே வரும்.

இனி டோன் குமிழ்கள். வால்வ் ஆம்ப்புகளில் பெரும்பாலும் இருக்கும் பேஸ், மிடில், ட்ரெபிள் சுற்று எதையும் பெருக்குவதில்லை; எதை எவ்வளவு இழக்கலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. மூன்று குமிழ்களும் 5இல் நின்றால் அது சமநிலை என்று பலர் எண்ணுகிறார்கள், ஆனால் அந்த நிலையில் 500 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதி ஏற்கெனவே குடைந்தெடுக்கப்பட்டிருக்கிறது. குமிழ்கள் ஒன்றையொன்று பாதிக்கவும் செய்கின்றன. ட்ரெபிளை மிக உயர்த்திவிட்டால் மற்ற இரண்டும் வலுவிழந்துபோகின்றன. ஆகவே பேஸை முழுவதும் மூடி, மிடிலை 7இலும் ட்ரெபிளை 5இலும் வைத்துத் தொடங்குங்கள். சில நிமிடங்கள் அப்படியே வாசித்துக் காதைப் பழக்குங்கள். பிறகு பேஸை மெல்ல ஏற்றி, ஆறாம் தந்திக்கு உடல் கிடைத்த கணத்திலேயே நிறுத்திவிடுங்கள். அது பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் அமையும். மிடிலைக் கூட்டினால் ஒலி மேலும் மந்தமாகிவிடும் என்று அஞ்ச வேண்டாம். 24 ஃப்ரெட் உள்ள கிதாரில் முதல் தந்தியின் கடைசி ஸ்வரமே சுமார் 1319 ஹெர்ட்ஸ்தான். ஸ்வரங்கள் வாழும் பகுதி நடுப்பகுதியே என்பதால், அதைக் கொடுக்காமல் ட்ரெபிளை மட்டும் கொடுத்தால் கிடைப்பது உடலற்ற சீறல் மட்டுமே.

பிரைட் சுவிட்ச் இருந்தால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். வால்யூம் குமிழின் குறுக்கே உள்ள ஒரு சிறு கெபாசிட்டரை அது இணைக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது அதன் விளைவு மிகுதி. வால்யூமை ஏற்ற ஏற்ற விளைவு குறைந்து, முழுவதும் திறந்தால் மறைந்தே போகிறது. பிரசன்ஸ் குமிழ் இதிலிருந்து வேறுபட்டது. அது பவர் பகுதியின் எதிர்ப் பின்னூட்டத்தில் (வெளியீட்டின் ஒரு பங்கை எதிராக உள்ளே திருப்பிப் பெருக்கத்தை அடக்கும் ஏற்பாடு) அமர்ந்து, மேல் அதிர்வெண்களுக்கான பின்னூட்டத்தைக் குறைப்பதன் வழியாக அவற்றை விடுவிக்கிறது. டிஸ்டார்ஷன் உருவான பிறகே இது செயல்படுவதால், ட்ரெபிளைக் கூட்டும்போது வரும் கரகரப்பு இல்லாமல் திறந்த தன்மையைத் தருகிறது. மந்தமான ஆம்ப்பில் ட்ரெபிளைவிடப் பிரசன்ஸையே நான் முதலில் நாடுவேன். வாக்ஸ் ஏசி30 வகை ஆம்ப்புகளில் அந்தப் பின்னூட்டமே கிடையாது. அங்கே உள்ள கட் குமிழை ஏற்றினால் ட்ரெபிள் குறையும் என்பதால், அதைக் கீழே இறக்கி வைக்க வேண்டும்.

டிஸ்டார்ஷனோடு வாசிப்பவர்கள் இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும்: பேஸை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் குறையுங்கள்; வேண்டுமானால் பின்னால் கூட்டிக்கொள்ளுங்கள். தந்தியின் கீழ் அதிர்வெண்களே வலு மிக்கவை. அவை வால்வை முதலில் நிறைத்து உடைத்துவிடுவதால், அவற்றின் மேல் சவாரி செய்யும் நுண்ணிய ஒலிகள் நசுங்கிப்போகின்றன. முதல் வேலையாக, பெருக்கத்தின் அளவை ஆளும் கெய்ன் குமிழை நீங்கள் விரும்பும் அளவிலிருந்து ஓரிரு புள்ளிகள் இறக்குங்கள். அதற்குப் பிறகும் கலங்கல் இருந்தால் ஒரு பெடலின் துணையை நாடலாம். இபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல்கள் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைக் குறைவாகவே பெருக்குகின்றன. அதில் டிரைவை ஏறக்குறைய மூடி, லெவலை நன்றாக உயர்த்தி, டோன் குமிழை நடுவுக்குச் சற்று மேலே வைத்தால், அது பேஸைச் செதுக்கிக் கொடுக்கும் ஒரு வாயிலாக மாறிவிடுகிறது. இதே வேலையை 1960களில் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்னும் ட்ரெபிள் பூஸ்டர், ஒரே ஒரு ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டரைக் கொண்டு செய்தது. குயீன் குழுவின் பிரையன் மே, ஏசி30இன் பளிச்சென்ற சேனலை விட்டுவிட்டு, தடித்து ஒலிக்கும் நார்மல் சேனலை ட்ரெபிள் பூஸ்டரால் தள்ளியே தம் தனிக்குரலைப் பெற்றார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஈக்யூ பெடல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நுட்பமான வழி உண்டு. பாஸ் ஜிஈ-7 போன்ற பெடலை ஆம்ப்பின் முன்னால் வைக்கும்போது 100, 200 ஹெர்ட்ஸ் நெம்புகளைச் சற்று இறக்குங்கள். ஆம்ப்பில் எஃபெக்ட்ஸ் லூப் (முதற்கட்டப் பெருக்கத்துக்கும் பவர் பகுதிக்கும் இடையே பெடலைச் செருகும் இணைப்பு) இருந்து, பெடலை அங்கே வைக்க முடிந்தால், 3.2 கிலோ ஹெர்ட்ஸ் நெம்பை 3 டெசிபெல் அளவு உயர்த்துங்கள். 6.4 கிலோ ஹெர்ட்ஸைத் தொடுவதில் பயன் சிறிதே, ஏனெனில் பெரும்பாலான கிதார் ஸ்பீக்கர்கள் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகச் சரிந்துவிடுகின்றன.

முன்பு நன்றாக ஒலித்த ஆம்ப் நாளடைவில் மங்கியிருந்தால் மட்டும் வால்வுகளைச் சந்தேகியுங்கள். தேய்ந்த பவர் வால்வுகள் ஒலியின் கூர்மையையும் பேஸின் இறுக்கத்தையும் ஒருசேர இழக்கின்றன. ஃபிக்ஸட் பயஸ் ஆம்ப்பில் ஈஎல்34, 6எல்6 போன்ற பவர் வால்வுகளை மாற்றினால் பயஸை (வால்வின் ஓய்வு மின்னோட்ட அமைப்பை) சரிபார்த்தே ஆக வேண்டும். அதைத் தேர்ந்த தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள். முதற்கட்டப் பெருக்கத்துக்கான ப்ரீஆம்ப் வால்வுகளை, ஆம்ப்பை அணைத்து ஆறவிட்ட பிறகு நீங்களே மாற்றலாம். 12ஏஎக்ஸ்7 வால்வின் பெருக்கக் காரணி 100. 5751 வால்வுக்கு அது 70. கெய்ன் மிகுந்து குழம்பும் ஆம்ப்பில் முதல் வால்வுக்குப் பதிலாக 5751ஐச் செருகிப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் மின்சுற்று அமைந்துள்ள உலோகப் பெட்டியைத் திறக்க வேண்டாம். உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். அது உயிரைப் பறிக்கக்கூடியது.

தொழில்நுட்பரிடம் கொண்டுசெல்வதானால் அவரிடம் இன்னதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. முதல் வால்வின் கேத்தோட் என்னும் முனையில் 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் பேஸ் முழுவதும் பெருக்கப்பட்டுவிடுகிறது. மார்ஷல் ஆம்ப்புகளின் பளிச்சென்ற சேனலில் உள்ளது போல அதை 0.68 மைக்ரோஃபாரடாக மாற்றினால், சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் குறைந்து ஒலி இறுகும். விரும்பாவிட்டால் பழையபடியே மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இவை எல்லாவற்றையும் செய்த பிறகும் மந்தம் நீங்கவில்லை என்றால், ஸ்பீக்கரை மாற்றுவதைப் பற்றி எண்ணலாம். எந்தக் குமிழையும்விடப் பெரிய மாற்றத்தைத் தருவது அதுவே. செலவும் அதற்கேற்பவே இருப்பதால்தான் கடைசியில் வைத்தேன். செலஸ்டியன் கிரீன்பேக் போன்ற மென்மையான ஸ்பீக்கர் ஏற்கெனவே மந்தமான ஆம்ப்போடு சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் சாயும்; மேல் நடுப்பகுதி எழும்பி நிற்கும் விண்டேஜ் 30 அந்தச் சாய்வை ஈடுகட்டும். முதுகு மூடிய கேபினெட்டைவிடத் திறந்த கேபினெட்டில் கீழ்முழக்கம் குறைவு. எதை மாற்றினாலும் ஓம் மதிப்பு ஆம்ப்பின் வெளியீட்டோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் ஆம்ப்பை ஒருபோதும் இயக்கக் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும்.

கடைசிச் சோதனையைத் தனியறையில் செய்யாமல், பேஸ் கிதாரும் டிரம்ஸும் உடன் ஒலிக்கும்போது செய்யுங்கள். தனியே கேட்கும்போது சற்று மெலிந்தது போலத் தோன்றும் டோன், பேஸ் கிதார் கீழ்ப்பகுதியை நிரப்பியதும் சரியாகப் பொருந்தி நிற்கும். கார்டில் உள்ள ஒவ்வொரு ஸ்வரமும் அந்த நெரிசலிலும் உங்கள் காதுக்குப் பிரிந்து கேட்கிறது என்றால், குமிழ்கள் நிற்கும் இடங்களை ஒரு தாளில் குறித்து ஆம்ப்பின் பின்புறத்தில் ஒட்டிவையுங்கள்.