டை ராட் எண்டு மாற்றும்போது மரையை எண்ணுங்கள்

சாரல் காலம் முழுக்கச் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று ஓடிய வண்டியில் முதலில் டை ராட் எண்டின், அதாவது ஸ்டீயரிங் கம்பியை முன்சக்கரத்தோடு இணைக்கும் மூட்டின், ரப்பர் பூட்டை (உறையை) பாருங்கள். அது கிழிந்திருந்தால் தண்ணீரும் மண்ணும் புகுந்து, கிரீஸ் போய், உள்ளிருக்கும் பால் (உருண்டை முனை) துருப்பிடித்து ஆட்டம் கொடுக்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் எண்டின் மேல் விரல் வைத்தால் சொடுக்குவது தெரியும். எண்டு அசையாமல் சக்கரம் ஆடினால் ரேக் எண்டை, அதாவது அதே கம்பியின் உள்பக்க மூட்டைப் பாருங்கள். 12, 6-ல் ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங் அல்லது லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் உருண்டை மூட்டு). எண்டை மாற்றிப் பயனில்லை.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கட்டாயம் வேண்டும்.

எண்டை டை ராடோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அந்த நட்டிலிருந்து பாலின் நடுவரை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது எண்டின் நீளம் சற்று வேறாக இருந்தால் சுற்றுக் கணக்கு மட்டும் போதாது.

அடுத்து ஸ்டட் நட், அதாவது எண்டின் பாலிலிருந்து நீளும் மரைக் கம்பியின் நட். அதை முழுக்கக் கழற்றாமல் மரை நுனியில் விட்டுவையுங்கள், எண்டு சட்டென்று கீழே விழாது. ஸ்டட் கூம்பு வடிவம், நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இரும்புப் பாகத்தில்) இறுகப் பிடித்திருக்கும். புல்லர் (ஸ்டட்டை அழுத்தி விடுவிக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் நக்கிளின் காதில், அதாவது ஸ்டட் நுழையும் ஓட்டையைச் சுற்றிய பகுதியில், பக்கவாட்டில் சுத்தியலால் ஓங்கி இரண்டு மூன்று அடி கொடுங்கள், விட்டுவிடும். பலர் ஸ்டட்டின் நுனியிலேயே அடிக்கிறார்கள். நுனி நசுங்கி நட்டும் வராது, ஸ்டட்டும் ஓட்டைக்குள் இறங்காது.

பழையதைச் சுற்றிக் கழற்றும்போது அரைச் சுற்று உட்பட எண்ணி எழுதுங்கள். புதியதை அதே கணக்கில் ஏற்றி, ஸ்கேல் அளவோடு ஒப்பிடுங்கள். கூம்பையும் ஓட்டையையும் உலரத் துடையுங்கள், எண்ணெய் தடவக் கூடாது. இறுக்கும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுற்றினால் எண்டின் அடியில் ஜாக்கியை வைத்து லேசாக மேலே அழுத்துங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு என்றால் புதியதுதான் போட வேண்டும். நட்டு கழலாமல் ஸ்பிளிட் பின் (கம்பிப் பின்) செருகும் வகையில், மேனுவல் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) ஓட்டை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள், தளர்த்தாதீர்கள்.

எவ்வளவு கவனமாக எண்ணினாலும் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சற்று மாறியிருக்கும், அப்படியே விட்டால் முன் டயரின் ஓரம் வாள் பல்போல் தேயும். லாக் நட்டை இறுக்கி, மெதுவாக ஓட்டிப்போய் வீல் அலைன்மென்ட் பாருங்கள். அதற்கு முன் கணவாய் ஏற வேண்டாம். அலைன்மென்ட் முடிந்ததும் குனிந்து ரேக் பூட் (ரேக் எண்டை மூடும் ரப்பர் உறை) முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கியிருந்தால் கிளிப்பைத் தளர்த்தி நேராக்குங்கள், இல்லையென்றால் அடுத்துக் கிழிவது அந்த பூட்தான்.