மழைக் கொழும்பில் கடதாசிப்பூ

கடதாசிப்பூக் கொடி தளதளவென்று இலைவிட்டும் பூக்கவில்லையா? கொழும்பில் பெரும்பாலும் தண்ணீர் கூடியதுதான் காரணம். வேர் எப்போதும் ஈரமாயிருந்தால் இலைதான் வளரும். மேல்மண் 2 அங்குலம் காய்ந்து, இலை இலேசாகத் துவளும்போது ஊற்றுங்கள். அந்தச் சிறு வாட்டமே பூவைத் தூண்டும். வெள்ளவத்தை மொட்டைமாடியில் வைத்திருந்தால், மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழையில் சாடியைக் கூரையடிக்கு நகர்த்தி, வெளித்ததும் வெயிலுக்கு எடுங்கள். தினம் 6 மணிநேர நேர்வெயில் வேண்டும்.

12 அங்குலச் சாடி போதும். தோட்டமண், மணல், மக்கிய மாட்டெரு சம அளவு. யூரியா வேண்டாம், இலைதான் பெருகும்.

பூ உதிர்ந்ததும் கிளைகளை மூன்றிலொரு பங்கு வெட்டுங்கள். பூ வருவது புதுத்தளிரில். சாடி மாற்றும்போது வேர்மண் உடையாமல் தூக்குங்கள், வேர் மிக மெல்லியது.