சேந்த் எமிலியோன் போனால் முதல் வேலை

பிரான்சில் போர்தோ நகருக்கு அருகேயுள்ள ஒயின் ஊரான சேந்த் எமிலியோனில் இறங்கியதும், ஒயின் கடைகளுக்குள் நுழையும் முன் சுற்றுலா அலுவலகத்தில் பாறைத் தேவாலயத்துக்கு நேரம் பதிவு செய்துவிடுங்கள். ஒரே சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த அந்தக் கோயிலுக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். ஒரு சுற்றுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. தலைக்கு மேல் நிற்கும் மணிக்கூண்டின் பாரத்தைத் தாங்க, தூண்களைச் சுற்றி உலோகச் சட்டங்கள் இறுக்கியிருக்கிறார்கள், கிட்டே நின்று பாருங்கள். கோடையிலும் உள்ளே குளிரும். ஒரு மேல்சட்டை அவசியம். தெருக்களையும், 1999-ல் ஊரோடு சேர்ந்தே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய திராட்சைத் தோட்டங்களையும் மட்டும் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. ஆனால் சந்துகள் செங்குத்தானவை, கல் பாவியவை. மழை நாளில் வழுக்காத காலணி வேண்டும்.