ஏழு வயதில் பல்லுக்குக் கம்பியா? புதிதாக வந்த பெற்றோருக்கு

புதிய நாட்டில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கையோடு பல் மருத்துவரிடமும் பதிந்துவிடுவீர்கள். முதல் பரிசோதனையிலேயே பல பெற்றோர் திகைப்பது ஒரே விஷயத்தில்தான். “ஆர்த்தோடான்டிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்” என்பார் மருத்துவர்; பல்வரிசையையும் தாடைப் பொருத்தத்தையும் சீர்செய்யும் நிபுணர் அவர். பிள்ளைக்கு ஏழு வயது, பால்பற்களில் பாதிகூட விழவில்லை. கிளிப் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் போடுவது என்றே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காசு பிடுங்கப் பார்க்கிறார்களோ என்று தோன்றும். இந்த ஊர் வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். ஏழு வயதில் காட்டுவது நல்லது. ஏழு வயதில் கம்பி போடுவது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படாது.

ஏழு என்ற கணக்கு சும்மா வந்ததல்ல. முதல் பரிசோதனையை ஏழு வயதுக்குள் செய்துவிடுங்கள் என்று அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் சங்கம் சொல்கிறது. ஆறு, ஏழு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் வருவதால் அதையும் பால்பல் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முன்பற்களும் மாறத் தொடங்கியிருக்கும். இந்த இரண்டும் வந்துவிட்டால் மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். அந்த முதல் சந்திப்பு பெரும்பாலும் “இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள்” என்றே முடியும்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் தானே சரியாகிவிடுபவை சில உண்டு. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி, பற்கள் விசிறிபோல வெளிப்பக்கம் விரிந்து நிற்பது: பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது இது பெரும்பாலும் மூடிக்கொள்ளும். கீழே பால்பல் விழும் முன்பே பின்னால் புதுப்பல் முளைத்து இரட்டை வரிசையாகத் தெரிவதும் அப்படித்தான். பால்பல் ஆடினால் பிள்ளையே ஆட்டிக்கொள்ளட்டும். மாதங்கள் போயும் அசையவில்லை என்றால் மட்டும் காட்டுங்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை வேறு. கடிக்கும்போது மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் மாட்டுகிறதா? ஒரு பக்கத்து மேல் கடைவாய்ப்பற்கள் உள்வாங்கி, வாயை மூடும்போது தாடை பக்கவாட்டில் நழுவுகிறதா? பிள்ளையை நேராக உட்காரவைத்து மெதுவாகக் கடிக்கச் சொல்லி, மூக்குக்கு நேராக இருந்த தாடை கடைசி நொடியில் ஒதுங்குகிறதா என்று நீங்களே பார்க்கலாம். வளர்கிற முகம் இந்தக் கோணலுக்கு ஏற்ப வளர்ந்துவிடக் கூடும் என்பதால்தான் இதைச் சீக்கிரம் சரிசெய்கிறார்கள். மேல்தாடை பின்தங்கி, கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, முகத்தில் மாட்டி மேல்தாடையை முன்னால் இழுக்கும் கருவி பத்து வயதுக்கு முன்னால் நன்றாக வேலை செய்யும். அதன் பிறகு பலன் குறைந்துகொண்டே போகும். நான்கு வயது தாண்டியும் விரல் சூப்பி, கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் இடைவெளி இருப்பதும் கவனிக்க வேண்டியதே. நிலையான முன்பற்கள் வருமுன் பழக்கத்தை விட்டுவிட்டால் பல நேரம் கருவியே தேவைப்படாது.

இன்னொன்றை நம்மில் பலர் கோட்டைவிடுகிறோம். “விழப்போகிற பல்தானே” என்று சொத்தையான பால் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். அந்தப் பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இடத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டியது. ஆறு வயதிலேயே அது போய்விட்டால், பின்னால் முளைக்கிற கடைவாய்ப்பல் முன்னால் சாய்ந்து அந்த இடத்தைத் தின்றுவிடும். பிறகு வர வேண்டிய பல்லுக்கு வழி இருக்காது. பல்லைப் பிடுங்கச் சொன்னால், இடம் காக்கும் வளையம் வேண்டுமா என்று அதே நாற்காலியில் வைத்தே கேளுங்கள். ஆர்த்தோடான்டிக் சிகிச்சையில் இவ்வளவு சின்னதாக, இவ்வளவு பெரிய தலைவலியைத் தவிர்ப்பது வேறு எதுவும் இல்லை என்பது என் எண்ணம்.

மேல் கோரைப்பல் வருகிறதா என்பதை ஒன்பது, பத்து வயதில் பார்ப்பார்கள். மருத்துவர் மேலீற்றின் வெளிப்புறத்தில், பால் கோரைப்பல் வேருக்கு மேலே விரலால் தடவுவார். இரு பக்கமும் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து, பல் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உரிய வயதில் கண்டுபிடித்தால் பால் கோரைப்பல்லை எடுத்துவிடுவதாலேயே பல நேரம் புதுப்பல் தன் பாதைக்குத் திரும்பிவிடும்.

இனி, அதிகம் விற்கப்படும் விஷயம்: எத்துப்பல். மேல் முன்பற்கள் வெளியே துருத்தியிருப்பதற்கு ஏழு, எட்டு வயதில் ஒரு கட்டம், பதின்ம வயதில் இன்னொரு கட்டம் என்று இரண்டு கட்டச் சிகிச்சை சொல்வார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு, இதை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்த அறிக்கை 2018-ல் புதுப்பிக்கப்பட்டது. இரண்டு கட்டமாகச் செய்த பிள்ளைகளுக்கும், பதின்ம வயதில் ஒரே கட்டத்தில் முடித்தவர்களுக்கும் கடைசியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒன்றைத் தவிர: முன்கூட்டியே செய்தவர்களுக்கு முன்பல் அடிபட்டு உடைவது குறைந்திருக்கிறது. ஆகவே பிள்ளை விழுந்து எழுந்து விளையாடுகிறவன், பல்லும் நன்றாகத் துருத்தியிருக்கிறது என்றால் யோசிக்கலாம். பள்ளியில் கேலி செய்து பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டே சிரிக்கிறாள் என்றால் அதுவும் காரணம்தான். “இப்போது செய்தால் பின்னால் கிளிப்பே வேண்டாம்” என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மேல்தாடையை அகலப்படுத்தும் எக்ஸ்பாண்டர் போட முடிவானால் வீட்டில் உங்களுக்கும் வேலை உண்டு. அண்ணத்தில் ஒட்டிய கருவியின் நடுவில் ஒரு திருகு இருக்கும். இரவில் பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, விளக்கைக் காட்டி, சின்னச் சாவியை முன் துளையில் செருகித் தொண்டைப் பக்கம் தள்ளினால் அடுத்த துளை கண்ணுக்குத் தெரியும். அதுதான் ஒரு திருப்பு, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். சாவியில் ஒரு நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், தொண்டைக்குள் நழுவாது. சில நாட்களில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழும். பதறாதீர்கள், எலும்பு விரிகிறது என்பதன் அடையாளம் அது. முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சுக் குழறும். புதிய பள்ளியில் புதிய மொழி பேசத் தடுமாறும் பிள்ளை என்றால் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். திருப்புவது நின்ற பிறகும் எலும்பு கெட்டிப்பட சில மாதங்கள் கருவி வாயிலேயே இருக்கும்.

பணம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். செலவை ஏற்கும், ஆனால் சிகிச்சை எவ்வளவு தேவை என்று பார்க்கும் ஐந்து படி அளவுகோலில் நான்கும் ஐந்தும் தகுதி பெறும், மூன்றில் சிலருக்கே கிடைக்கும். ஜெர்மனியிலும் பொதுக் காப்பீடு இப்படி ஐந்து படிகளில் பார்க்கிறது; மூன்றிலிருந்து மேலே இருந்தால்தான் பணம் வரும். வட அமெரிக்கத் தனியார் இன்சூரன்ஸ்களில் வேறொரு கண்ணி உண்டு: கிளிப்புக்கான தொகைக்குப் பெரும்பாலும் வாழ்நாள் உச்சவரம்பு இருக்கும். முதல் கட்டத்திலேயே அது தீர்ந்துவிட்டால், பன்னிரண்டு வயதில் உண்மையான கிளிப் போடும்போது முழுச் செலவும் உங்கள் தலையில். புதிதாகச் சேர்ந்த பாலிசியில் காத்திருப்புக் காலம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

“விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயே போட்டுவிடலாம்” என்று நினைப்பவர்கள் நிறைய. கம்பியை மாட்டுவது ஒரு நாள் வேலைதான். அதன் பிறகு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வேறொருவர் தொடங்கிய சிகிச்சையை ஏற்கப் பல மருத்துவர்கள் தயங்குவார்கள், ஏற்றாலும் புதிதாகக் கட்டணம் போடுவார்கள். இங்கேயே தொடங்குவதானாலும், விசா முடியலாம், வேலை மாறி வேறு நகரம் போக நேரலாம் என்றால் அதை முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

கையெழுத்துக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியது: இப்போது செய்யாமல் இரண்டு வருடம் காத்திருந்தால் எது கெட்டுப்போகும்? “தாடை நழுவுகிறது”, “கோரைப்பல் திரும்பியிருக்கிறது” என்று குறிப்பாகப் பதில் வந்தால் தொடங்கலாம். “சீக்கிரம் செய்வது நல்லதுதானே” என்று மட்டும் வந்தால் எக்ஸ்ரே பிரதியை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள். பிள்ளைக்கு மொழி நன்றாக வருகிறது என்பதற்காக இந்தப் பேச்சை அவன் மூலம் மொழிபெயர்த்துக் கேட்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று நேரம் குறிக்கும்போதே விசாரித்தால் பல இடங்களில் ஏற்பாடு செய்து தருவார்கள்.