ஒரே குழுவை இரண்டு தடவை எண்ணாமல் இருப்பது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வில் வந்த கணக்கு இது. 6 ஆண்கள், 4 பெண்கள். இவர்களில் 4 பேர் கொண்ட குழு வேண்டும். அதில் குறைந்தது ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். எத்தனை வழிகள்?

முதலில் ஒரு பெண்ணை எடுத்துவிடலாம், 4 வழி. மீதி 9 பேரில் யாராவது 3 பேர், 84 வழி. 4 × 84 = 336 என்று போட்டேன். கொடுத்திருந்த நான்கு விடைகளில் 336-உம் இருந்ததால் டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். சரியான விடை 195.

சேர்மானத்துக்கான (வரிசையைப் பார்க்காமல் சிலரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணுகிற) சூத்திரம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். அது நன்றாகத் தெரிந்தவர்களும் சறுக்குகிற இடம் இது.

படி 1: மொத்தத்தை ஓரமாக எழுதுங்கள்

நிபந்தனையே இல்லாவிட்டால் 10 பேரில் 4 பேர், 210 வழி. நிபந்தனை வந்தால் இது குறையலாம், கூடவே கூடாது. 336-ஐ இங்கேயே பிடித்திருக்கலாம்.

படி 2: அதே குழு வேறு பாதையிலும் வருகிறதா?

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். முதலில் கலாவை எடுக்கிறோம்; மீதியில் மாலா, ரவி, பாபு வருகிறார்கள். இன்னொரு தடவை முதலில் மாலாவை எடுக்கிறோம். மீதியில் கலா, ரவி, பாபு. அதே நால்வர்தான்! ஆனால் 336-க்குள் இவர்கள் இரண்டு குழுவாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குழுவில் எத்தனை பெண்களோ, அத்தனை தடவை அது எண்ணப்பட்டிருக்கிறது. பிரித்துப் பாருங்கள் (பெண்களை எடுக்கும் வழி × ஆண்களை எடுக்கும் வழி):

1 பெண்: 4 × 20 = 80
2 பெண்கள்: 6 × 15 = 90
3 பெண்கள்: 4 × 6 = 24
4 பெண்கள்: 1

கூட்டினால் 195. இதையே 80×1 + 90×2 + 24×3 + 1×4 என்று கூட்டுங்கள். 336! இந்த ஒரு வரியைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

படி 3: ‘குறைந்தது’ என்று பார்த்தால் கழியுங்கள்

பெண்ணே இல்லாத குழுக்கள் 15. 210 − 15 = 195. முடிந்தது.

நிகழ்தகவிலும் இதே வழிதான். பகடையை 4 தடவை உருட்டினால் ஒரு 6-ஆவது விழ வாய்ப்பு எவ்வளவு? 1/6-ஐ நான்கு தடவை கூட்டி 2/3 என்று சொல்லத் தோன்றும். அப்படியானால் 6 தடவை உருட்டினால் கட்டாயம் விழ வேண்டுமே! தாயத்துக்காகக் காத்திருந்தவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு உருட்டலிலும் 6 விழுந்தால் அதை இரண்டு தடவை கூட்டிவிடுகிறோம். ஒன்றுகூட விழாதது, 5/6-ஐ நான்கு தடவை பெருக்கினால், 625/1296. மீதி 671/1296, ஏறக்குறைய 52 சதவீதம். 1654-இல் கணித அறிஞர் பாஸ்கல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவுக்கு எழுதிய கடிதத்திலும் இந்த 671-க்கு 625 என்ற விகிதம் வருகிறது.

படி 4: பெயரில்லாத அணிகள்

கேரம் ஆட 4 பேர் இரண்டு ஜோடியாகப் பிரிய வேண்டும். 4-இல் 2 பேர் என்றால் 6 வரும்; எழுதிப் பார்த்தால் மூன்றுதான். ஒரு ஜோடியை எடுத்தாலே மற்ற இருவரும் ஜோடியாகிவிடுவதால் 2-ஆல் வகுக்க வேண்டும். சிவப்பு அணி, நீல அணி என்று பெயர் வைத்துவிட்டால் வகுக்கக் கூடாது.

சரிபார்க்கப் பைத்தான் என்ற கணினி மொழி நல்லதுதான். ஆனால் கற்கும்போது பென்சிலும் தாளும் போதும் என்பேன். எண்ணைச் சுருக்குங்கள்: 3 ஆண், 2 பெண், 2 பேர் குழு. தவறான வழியில் 8, எழுதிப் பார்த்தால் 7. எந்தக் குழு இரண்டு தடவை வந்தது என்பது கண்ணிலேயே படும்.

பின்சேர்க்கை: படித்த ஒருவர் கேட்டார், “குழுவுக்குத் தலைவி ஒருவர் வேண்டும் என்றால்?” அப்போது 336-தான் சரி. கலா தலைவியாக இருக்கும் நால்வரும், மாலா தலைவியாக இருக்கும் அதே நால்வரும் இப்போது வேறு வேறு. பெருக்கத் தொடங்கும் முன் கேள்வியில் தலைவர், செயலாளர் போன்ற பொறுப்பு ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.