முன்பள்ளிக்கு வாராந்தக் கலைத்திட்டம் போடுவது: நான் செய்யும் முறை

எங்கள் முன்பள்ளி கொழும்பில், வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வயது வரை 18 பிள்ளைகள், இரண்டு ரீச்சர்மார். முதல் வருடம் டிசம்பரிலேயே முழு ஆண்டுக்கும் தொனிப்பொருள் எழுதி முடித்துவிட்டேன். மார்ச் மாதத்துக்குப் 'பழங்கள்'. நான் மாம்பழத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, பிள்ளைகள் யன்னலுக்கு ஓடி ரயில் பார்த்தார்கள். மூன்று நாள் கூப்பிட்டுக் கூப்பிட்டு இருத்தினேன். நாலாம் நாள் மாம்பழத்தை எடுத்து வைத்துவிட்டு நானும் யன்னலடிக்குப் போனேன். கீழே உள்ள முறை அதற்குப் பிறகு வந்தது.

1. முதலில் நாட்காட்டி

ஒரு ஏ3 கடதாசியில் தவணையின் வாரங்களைக் கோடு போட்டுப் பிரியுங்கள். மாதாமாதம் வரும் போயா (பௌர்ணமி விடுமுறை), பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நவராத்திரி எல்லாவற்றையும் குறியுங்கள். மழையையும் குறியுங்கள். கொழும்பில் மே தொடங்கித் தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. வெளி விளையாட்டைக் காலையில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

2. துறைகள்

வாரத் திட்டத்தில், பிள்ளை வளரும் துறைகளுக்கு உடல், மொழி, அறிதல், சமூகமும் மனவெழுச்சியும், ஆக்கம் என்று ஐந்து நிரல். ஒவ்வொரு நாளும் ஐந்தையும் நிரப்ப வேண்டியதில்லை. வாரக் கடைசியில் எது வெறுமையாகக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும்.

3. அவதானிப்பு (நான் இடறிய இடம்)

இதை ஆறுதலாக வாசியுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பெழுதிய என் பழைய கொப்பியில் "குழப்படி", "கெட்டிக்காரி", "கவனம் இல்லை" என்றுதான் இருந்தது. திங்கட்கிழமை திட்டம் போட உட்கார்ந்தால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடைக்காது. அவை என் தீர்ப்புகள். பிள்ளை என்ன செய்தது என்பது அங்கே இல்லை.

இப்போது கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். உதாரணமாக:

"ஆறு தீப்பெட்டிகளை வரிசையாக வைத்தான். ஏழாவதுக்கு மேசையில் இடம் இல்லை. எல்லாவற்றையும் நிலத்துக்கு மாற்றினான். 'இது கோட்டை மட்டும் போகும்' என்றான்."

நாலு வரிதான். ஆனால் அதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: வரிசை, நீளம், தடை வந்ததும் தானே கண்டுபிடித்த வழி, ரயில் போய்ச் சேரும் இடத்தின் பெயர் (கொழும்பு கோட்டை நிலையம்). இவன் அடுத்ததாக எதை எட்டிப் பிடிப்பான் என்று உங்களுக்கே தோன்றும். பெரிய பெட்டிகள் கொடுக்கலாம், நிலையங்களை வரிசையாகச் சொல்ல விடலாம். அந்த 'அடுத்தது' தான் கலைத்திட்டம்.

ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே 'அடுத்தது' என்று ஒரு வரி எழுதாமல் கொப்பியை மூட வேண்டாம்.

4. ஒரே விளையாட்டு, மூன்று ஆழம்

கதிரைகளை வரிசையாக வைத்தால் ரயில் தயார். மூன்று வயதுப் பிள்ளை பெட்டியை இழுத்துத் திரியட்டும். நாலு வயது, ஆளுக்கு ஒரு ரிக்கற் கொடுக்கட்டும். எண்ணுவதன் அடி அங்கேதான் இருக்கிறது. ஐந்து வயது பெயர்ப்பலகை செய்யட்டும். எங்கள் ரயில் நிலையங்களில் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். போட்டோ எடுத்து வந்து ஒட்டினோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒருத்தி 'ப' வைக் கண்டுபிடித்துத் தன் பெயரிலும் அது இருக்கிறது என்றாள். நான் அன்று எழுத்துப் பாடம் எதுவும் வைத்திருக்கவில்லை.

5. வெள்ளிக்கிழமையை வெறுமையாக விடுங்கள்

வாரத்தில் பிள்ளைகள் இழுத்துப் போன திசைக்கு அந்த நாள்.

சாமான்கள்

சாதாரண சீ.ஆர். கொப்பியும் (தடித்த அட்டை போட்ட கொப்பி) பென்சிலும்தான் என் விருப்பம். கணினியில் அழகாகப் போட்ட திட்டத்தைக் கை மாற்ற மறுக்கிறது. பென்சில் திட்டத்தை அழித்து எழுத மனம் வரும். அச்சடித்த நிறம் தீட்டும் தாள்களை நான் வாங்குவதே இல்லை. சிரட்டை, குரும்பட்டி (விழுந்த தென்னம் பிஞ்சு), தீப்பெட்டி, மா, களிமண் போதும். தீப்பெட்டியில் குச்சி ஒன்றும் இல்லை என்று பார்த்துக் கொடுங்கள். மஞ்சாடி விதையை மூன்று வயதுக்காரரின் கையில் கொடுக்க வேண்டாம், மூக்கிலும் வாயிலும் போகும்.

பின்சேர்க்கை 1: "25 பிள்ளைகளுக்கு நான் ஒருத்திதான், எப்படி எழுதுவது?" என்று ஒரு ரீச்சர் கேட்டிருந்தார். எல்லோரையும் தினமும் எழுத வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று பிள்ளைகள். எங்களுக்கு ஆறு நாளில் ஒரு சுற்று முடிகிறது, உங்களுக்கு ஒன்பது நாள். பெயர்களைக் காலையிலேயே கொப்பியில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் சத்தம் போடுகிற பிள்ளைகளையே எழுதிக்கொண்டிருப்போம். அமைதியாக மூலையில் இருக்கும் பிள்ளை விடுபட்டுப் போகும்.

பின்சேர்க்கை 2: பெற்றோர் "எப்ப ரீச்சர் எழுதப் பழக்குவீங்கள்?" என்று கேட்பதாகப் பலர் சொன்னீர்கள். எங்களிடமும் அதே கேள்வி வந்தது, நவராத்திரிக்கு ஏடு தொடக்கிய கையோடு கூடுதலாக. வாரத் திட்டத்தை வாசல் கதவில் ஒட்டி, பக்கத்தில் சின்னதாகக் காரணம் எழுதினேன்: 'மா பிசைதல்: பென்சில் பிடிக்கும் விரல்களுக்குப் பலம்', 'கடதாசி கிழித்தல்: இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்ய'. பிள்ளையை விட வரும் அம்மாமார் நின்று வாசிக்கிறார்கள். போன கிழமை ஒரு அம்மம்மா பை நிறையக் குரும்பட்டி கொண்டுவந்து தந்தார்.